கேள்வி கேட்க நகரத்தில் எங்களுக்கு ஓர் இடம் வேண்டும்: நகராட்சி நிர்வாகத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு நகராட்சி நிர்வாகத் துறை அமைச்சர் அவர்களுக்கும் துறைச் செயலாளர் அவர்களுக்கும்,

எங்கள் பகுதியின் களத்துமேட்டில் குப்பையைத் தரம் பிரித்து உரமாக்கும் கூடம் கட்டுவதென்று எங்கள் மாநகராட்சி மாமன்றம் தீர்மானம் நிறைவேற்றிவிட்டது. களத்தைச் சுற்றிக் குடியிருக்கும் ஒருவரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நில அளவையர் வந்து கல் நட்ட பிறகுதான் எங்களுக்கே தெரியும். இதைப் பொறுத்துக்கொண்டு வாய்மூடி இருக்க என்னால் முடியவில்லை.

மாநகராட்சியின் பெயரை நான் எழுதவில்லை. எழுதினால் ஓர் ஆணையரை மாற்றுவீர்கள், அல்லது ஒரு கவுன்சிலரைக் கூப்பிட்டுக் கண்டிப்பீர்கள். கோப்பு அதோடு மூடப்படும். எனக்கு வேண்டியது அது அன்று. எங்களுக்கு நடந்தது உங்கள் துறையின் கீழ் உள்ள எந்த மாநகராட்சியிலும் நடக்கக்கூடியது. அப்படி நடக்கும் விதமாகத்தான் நிர்வாகம் அமைக்கப்பட்டிருக்கிறது.

குப்பைக் கூடமே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. எங்கள் வீட்டுக் குப்பையை இன்னோர் ஊரின் ஏரிக்கரையில் கொட்டுவதைவிட இங்கேயே உரமாக்குவதுதான் நியாயம். ஆனால் அந்தக் களத்தின் மேற்கு ஓரத்தில் அங்கன்வாடி இருக்கிறது. மேலத் தெருவின் மழைத்தண்ணீர் முழுவதும் களத்தின் ஓரமாக வழிந்துதான் வாய்க்காலில் சேர்கிறது. அங்கே சிமெண்டுத் தளம் போட்டு மதில் எழுப்பினால் அந்தத் தண்ணீர் காலனி வீடுகளுக்குள் திரும்பும். எங்கள் தெருவில் குப்பை வாங்க வரும் தூய்மைப் பணியாளர் அம்மா கல் நட்டதைப் பார்த்த உடனே சொன்னார்: “இந்தச் சந்துக்குள் லாரி திரும்பாது. கடைசியில் நாங்கள்தான் கூடையில் சுமப்போம்.” அவரையும் யாரும் கேட்கவில்லை. ஊருக்குத் தெற்கே பழைய கல்குவாரிப் புறம்போக்கு இருக்கிறது. லாரி போய்வந்த தடம் இன்னும் அழியவில்லை. பக்கத்தில் வீடு கிடையாது. ஒரு மாலை நேரம் எங்களைக் கூட்டி வைத்துப் பேசியிருந்தால் இத்தனையும் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மனுப் போட்டு அந்த மாமன்றக் கூட்டத்தின் தீர்மான நகலை வாங்கினேன். பக்கம் பக்கமாகப் பொருள்கள். ஏறக்குறைய எல்லாவற்றின் கீழும் ‘ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது’ என்ற ஒரே வரி. எங்கள் களம் நடுவில் எங்கோ ஒரு சர்வே எண்ணாக இருந்தது. அங்கன்வாடி என்ற சொல்லே அதில் இல்லை.

பிறகு நான் ஒவ்வொரு படியாக ஏறிப் பார்த்தேன். கவுன்சிலர் வீட்டில் அவருடைய கணவர்தான் பதில் சொன்னார்: “எங்கள் கையில் என்ன இருக்கிறது? கமிஷனர் வைத்த பொருள்.” உதவிப் பொறியாளர், “எனக்கு மதிப்பீடு போடச் சொன்னார்கள், போட்டேன்” என்றார். மண்டல அலுவலகத்தில் மாமன்றத் தீர்மானத்தை மீற முடியாது என்றார்கள். தலைமை அலுவலகத்தில் ஓர் அதிகாரி மட்டும் உண்மையைச் சொன்னார். திட்டம் மேலிருந்து வந்தது, நிதி ஒதுக்கப்பட்டுவிட்டது, குறித்த காலத்துக்குள் பணியைத் தொடங்காவிட்டால் பணம் திரும்பிவிடும், காலியாகத் தெரிந்த அரசு நிலத்தைக் காட்டினோம் என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் இத்தனை மேசைகளில் ஒன்றில்கூட ‘இதை முடிவு செய்தவன் நான், என்னைக் கேளுங்கள்’ என்று சொல்ல ஆள் இல்லை.

2006 முதல் 2011 வரை நான் கிராம ஊராட்சியின் வார்டு உறுப்பினராக இருந்தேன். 2011இல் எங்கள் ஊராட்சியை மாநகராட்சியோடு இணைத்தார்கள். இரண்டு நிர்வாகங்களின் கீழும் வாழ்ந்தவள் என்பதால் ஒப்பிட்டுச் சொல்லும் தகுதி எனக்கு உண்டு என்று நினைக்கிறேன்.

தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின்படி கிராம ஊராட்சியின் நிர்வாக அதிகாரி அதன் தலைவர்தான். மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த அவரே காசோலையில் கையெழுத்துப் போடுவார், துணைத் தலைவரும் சேர்ந்து போட வேண்டும். தெருவிளக்கு எரியவில்லை என்றால் அவர் வீட்டு வாசலில் நிற்கலாம். அவரால் ‘என் கையில் இல்லை’ என்று சொல்லிவிட முடியாது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 என்று கிராம சபை கூடும். வரவு செலவை வாசித்துக் காட்டியாக வேண்டும். இன்றைக்கு அது ஆண்டுக்கு ஆறு முறையாக உயர்ந்திருக்கிறது. மார்ச் 22இலும் நவம்பர் 1இலும்கூடக் கூடுகிறார்கள்.

அந்தக் கிராம சபையைப் பொற்காலமாக்கிக் காட்ட நான் முயலவில்லை. கையெழுத்து மட்டும் வாங்கிவிட்டு முடித்த கூட்டங்கள் உண்டு. காலனிக்காரர்கள் எழுந்து பேசினால் முன்வரிசையில் முகம் சுளித்தவர்களும் உண்டு. ஆனாலும் குடிநீர்த் தொட்டிக் கணக்கில் ஐயம் வந்தபோது, கூலி வேலைக்குப் போகும் ஒரு பெண் நூற்றுக்கணக்கானவர்கள் முன்னால் எழுந்து நின்று, “மோட்டார் ரிப்பேர் என்று இரண்டு தடவை எழுதியிருக்கிறீர்கள், எங்கள் தெருவுக்கு ஒரு தடவைகூடத் தண்ணீர் வரவில்லையே” என்று கேட்டார். தலைவர் அங்கேயே பதில் சொல்ல வேண்டியதாயிற்று. அதை எழுதி வைக்கத் தீர்மானப் புத்தகம் ஒன்று இருந்தது. அந்தப் பெண் இன்றும் அதே தெருவில்தான் இருக்கிறார். மாநகராட்சிக்குச் சொத்து வரி கட்டுகிறார், குடிநீர்க் கட்டணம் கட்டுகிறார். எழுந்து நின்று கேட்கத்தான் இடம் இல்லை.

இனி மாநகராட்சியைப் பாருங்கள். வார்டுக்கு ஒருவராக நாங்கள் ஓட்டுப் போட்ட கவுன்சிலர்கள் சேர்ந்து மாமன்றம். அவர்கள் தங்களுக்குள் மேயரையும் துணை மேயரையும் தேர்ந்தெடுக்கிறார்கள். வரிவிதிப்பு, நிதி, பணிகள், நகரமைப்பு, கல்வி, பொதுச் சுகாதாரம் என்று நிலைக்குழுக்கள். அதற்குக் கீழே மண்டலக் குழுக்கள். பெரிய ஊரான சென்னையில் 2022 தேர்தலின்போது 200 வார்டுகள், 15 மண்டலங்கள் இருந்தன. இவ்வளவையும் அடுக்கி வைத்த பிறகு நிர்வாக அதிகாரம் ஆணையரிடம் போய்ச் சேர்கிறது. ஆணையரை நியமிப்பதும் மாற்றுவதும் மாநில அரசு. மாமன்றத்தில் எந்தப் பொருள் வர வேண்டும், எந்த மதிப்பீட்டில் வர வேண்டும் என்பதெல்லாம் ஆணையரின் அலுவலகத்தில் உருவாகிறது. சில ஆயிரம் பேர் வாழும் ஊரின் தலைவருக்கு இருக்கும் நிர்வாக அதிகாரம் பல லட்சம் பேர் வாழும் நகரத்தின் மேயருக்கு இல்லை. இந்த முரணுக்கு ஒரு நியாயத்தை எனக்கு யாரும் இதுவரை சொன்னதில்லை.

இப்படித்தான் இருக்க முடியும் என்றும் இல்லை. கொல்கத்தாவில் மேயரும் அவரோடு சில கவுன்சிலர்களும் சேர்ந்த குழுவிடம் நிர்வாகப் பொறுப்பு இருக்கிறது. 1980ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு வழி செய்தது. நாமோ மேயரை யார் தேர்ந்தெடுப்பது என்பதிலேயே நிலைகொள்ளவில்லை. 1996இலும் 2001இலும் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள், 2006இல் கவுன்சிலர்கள், 2011இல் மறுபடி மக்கள், 2019 நவம்பரில் வந்த அவசரச் சட்டத்துக்குப் பிறகு மறுபடி கவுன்சிலர்கள். ஆட்சிக்கு வருபவர்களின் வசதிக்கேற்ப விதி மாறியது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் எங்களைக் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

நகரத்தின் வேலைகளும் ஓரிடத்தில் இல்லை. அரசியல் சட்டத்தின் 12ஆவது அட்டவணை நகர அமைப்பு, சாலை, குடிநீர், பொதுச் சுகாதாரம், குடிசைப் பகுதி மேம்பாடு, பூங்கா, சுடுகாடு, தெருவிளக்கு என்று 18 பணிகளை நகராட்சி அமைப்புகளுக்கு உரியவையாகச் சொல்கிறது. தலைநகரிலேயே குடிநீரும் கழிவுநீரும் 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தனி வாரியத்திடம் இருக்கின்றன; நகரத் திட்டமிடல் பெருநகர வளர்ச்சிக் குழுமத்திடம்; குடிசைப் பகுதிகள் இன்னொரு வாரியத்திடம். எங்கள் தெருவில் பாதாளச் சாக்கடைக்குப் பள்ளம் தோண்டியவர்கள் வேறு, அதை மூடிச் சாலை போட வேண்டியவர்கள் வேறு, குழாயை உடைத்ததற்குப் பொறுப்பேற்க வேண்டியவர்கள் வேறு. பள்ளத்தில் விழுந்து முழங்கால் உடைந்த என் பக்கத்து வீட்டு மாமா மூன்று அலுவலகங்களுக்கும் மனு எழுதினார். மூன்றும் மற்ற இரண்டைக் கைகாட்டின. இவற்றையெல்லாம் ஒரே நாளில் மாநகராட்சியிடம் ஒப்படைத்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அது நீண்ட வேலை என்பது எனக்குத் தெரியும். ஆனால் எங்கள் வார்டில் வேலை செய்யும் எல்லா அமைப்புகளையும் ஒரே நாளில் ஓரிடத்தில் உட்காரவைத்துக் கேள்வி கேட்க மக்களுக்கு வழி வேண்டும்.

அந்த வழி சட்டத்தில் இருக்கிறது. என் ஆத்திரத்துக்கு முதற்காரணம் அதுதான்.

1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம், மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள நகரங்களில் வார்டு குழுக்களை அமைக்கச் சொன்னது. நாம் மண்டலக் குழுவைக் காட்டி அந்தக் கடமையை முடித்துக்கொண்டோம். அதில் உட்காருவது கவுன்சிலர்கள்; குடிமக்களுக்கு நாற்காலி கிடையாது. கேரளத்தின் 1994ஆம் ஆண்டு நகராட்சிச் சட்டம் வார்டு சபைக்கும் வார்டு குழுவுக்கும் அப்போதே இடம் வைத்தது. நம் சட்டத்தில் வார்டு குழு (கவுன்சிலரும் பகுதிப் பிரதிநிதிகளும் சேர்ந்தது), பகுதி சபை (வார்டின் ஒரு பகுதி வாக்காளர்கள் கூடிப் பேசும் கூட்டம்) என்ற ஏற்பாடுகள் 2010இல்தான் சேர்ந்தன. அவற்றை நடத்துவதற்கான விதிகள் 2022 ஜூனில் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று, உள்ளாட்சி நாளில், அப்போதைய முதலமைச்சரே தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் பகுதி சபைக் கூட்டத்தில் மக்களோடு உட்கார்ந்தார். அன்று செய்தியைப் பார்த்தபோது எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சியாக இருந்தது. இணைத்தபோது இழந்தது ஒருவழியாகத் திரும்பி வருகிறது என்று எங்கள் தெருவில் பலரிடம் சொன்னேன்.

எங்கள் வார்டில் நடந்ததைச் சொல்கிறேன். கூட்டம் நடக்கப்போவது கட்சிக்காரர்களுக்குத் தொலைபேசியில் தெரிவிக்கப்பட்டது. எங்களுக்குத் துண்டறிக்கை இல்லை, ஒலிபெருக்கி இல்லை, ரேஷன் கடைப் பலகையில் ஒரு வரியும் இல்லை. தற்செயலாகத் தெரிந்து போனவர்களில் நானும் ஒருத்தி. பந்தல் போட்டிருந்தது, நாற்காலி இருந்தது, பொன்னாடை இருந்தது. குறைகளைத் தாளில் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். வாங்கிக்கொண்டார்கள். படம் எடுத்தார்கள். தீர்மானம் எதுவும் வாசிக்கப்படவில்லை. எங்கள் பகுதியின் சபைப் பிரதிநிதி யார் என்று கேட்டேன். மேடையில் இருந்தவர்களுக்கே தெரியவில்லை. அந்தப் பிரதிநிதியை நாங்கள் தேர்ந்தெடுப்பதில்லை, நியமனம் செய்கிறார்கள் என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். அதற்குப் பின் எங்கள் பகுதியில் சபை கூடியதாக நாங்கள் யாரும் அறியோம். வார்டு குழு கூடுகிறதா, அதன் நடவடிக்கைக் குறிப்பு எங்கே என்று கேட்டு எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை.

கிராம சபைக்குத் தேதி இருக்கிறது. நடத்தாவிட்டால் மாவட்ட ஆட்சியரிடம் போய்க் கேட்கலாம், ஊரே கேட்கும். பகுதி சபை நடக்காவிட்டால் யாரும் எதையும் இழப்பதில்லை, எங்களைத் தவிர.

மனு நாள் இருக்கிறதே, முகாம் நடத்துகிறோமே, இணையத்தில் புகார் பதிவு செய்யலாமே என்று உங்கள் துறை சொல்லக்கூடும். அவை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பட்டாவுக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் அவை பயன்படுகின்றன. ஆனால் மனு கொடுப்பவர் தனி ஆள். அவர் கேட்பது அவருடைய காரியம். கொடுத்துவிட்டு ரசீதோடு வீடு திரும்புகிறார். களத்தில் கூடம் கட்டலாமா, குவாரியில் கட்டலாமா என்பது தனி ஆளின் காரியம் இல்லை. மேலத் தெருவும் காலனியும் எதிரெதிரே உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டியது. என் மனுவில் நான் எழுதியதைக் காலனியில் இருப்பவர் மறுக்கலாம். மறுக்கட்டும். அப்படி எல்லார் முன்பும் பேசி முடிவாகும் விஷயத்துக்குத்தான் ஊர் கட்டுப்படும்.

கூட்டம் போட்டால் சண்டை வரும், அரசியல் நடக்கும், வேலை தாமதமாகும் என்றும் சொல்கிறார்கள். எங்கள் களத்தில் கல் நட்டு இன்றுவரை ஒரு செங்கல்கூட வைக்க முடியவில்லை. பெண்கள் போய் நின்று தடுத்துவிட்டார்கள். கேட்காமல் செய்ததால் வந்த தாமதம் இது. சண்டை வரும் என்று கிராம சபையை நிறுத்தியிருக்கிறோமா?

மேடைகளில் உள்ளாட்சியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் உத்திரமேரூர்க் கல்வெட்டைச் சொல்கிறீர்கள். முதலாம் பராந்தகன் காலத்தில் ஊரை 30 குடும்புகளாக, அதாவது வார்டுகளாகப் பிரித்துக் குடவோலை போட்டு வாரியங்களைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது பெருமைதான். அந்தக் குடவோலையில் என் பெயர் விழுந்திருக்காது. நிலமும் சொந்த மனையும் வேதப் பயிற்சியும் உள்ள ஆண்களுக்கான சபை அது. ஆனால் அதிலுள்ள ஒரு விதியை மட்டும் உங்கள் துறை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரின் பெயரையும் அவருடைய உறவினர் பெயரையும் குடவோலையில் எழுதக் கூடாது என்று அவர்கள் கல்லில் வெட்டி வைத்தார்கள். எங்கள் வார்டில் செலவான பணத்தின் கணக்கை நான் இன்னும் பார்க்கவில்லை.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இப்போதைய மாமன்றங்கள் 2022 மார்ச் 2 அன்று பொறுப்பேற்றன. ஒரு மாதம் முடிவதற்குள் சொத்து வரி உயர்வு அறிவிக்கப்பட்டது. சென்னை தவிர்த்த மாநகராட்சிகளில் 600 சதுர அடிக்கு உட்பட்ட குடியிருப்புக்கு 25 சதவீதம், 1,800 சதுர அடிக்கு மேற்பட்டவற்றுக்கு 100 சதவீதம். சென்னையின் பழைய பகுதிகளில் 150 சதவீதம் வரை. 15ஆவது நிதிக் குழுவின் நிபந்தனை என்று காரணம் சொன்னீர்கள். பல ஆண்டுகள் வரி உயராமல் இருந்தது உண்மை. வரி இல்லாமல் நகரம் நடக்காது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முடிவு மேலே எடுக்கப்பட்டது, மாமன்றங்கள் அதன் மேல் தீர்மானம் போட்டன. 1688இல் சென்னையில் முதல் மாநகராட்சியை நிறுவிய கிழக்கிந்தியக் கம்பெனிக்குக்கூட, ஊராரிடம் வரி வாங்க வேண்டுமானால் அவர்களில் சிலரையாவது ஒரு மன்றத்தில் உட்காரவைக்க வேண்டும் என்று தோன்றியது. நாங்கள் கட்டும் வரியில் எங்கள் வார்டுக்கு எவ்வளவு திரும்புகிறது, எந்த வேலைக்குப் போகிறது என்று எங்கள் முன்னால் வாசிப்பதில் என்ன தடை?

கவுன்சிலரின் கணவரைப் பற்றி மேலே எழுதினேன். அதையும் விளக்கிவிடுகிறேன், இல்லாவிட்டால் பெண்களைக் குறை சொன்னதாக ஆகிவிடும். 2016இல் உள்ளாட்சிப் பதவிகளில் பெண்களுக்கு 50 சதவீத இடஒதுக்கீடு வந்தது. நான் அதை முழு மனதோடு ஆதரிக்கிறேன். அதற்கு முன்பிருந்த குறைந்த அளவு இடஒதுக்கீடுகூட இல்லாவிட்டால் நான் ஊராட்சி உறுப்பினர் ஆகியிருக்க மாட்டேன். எனக்கும் முதலில் பேச்சு வரவில்லை. கிராம சபையில் பெண்கள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டார்கள், நானே பதில் சொல்ல வேண்டியதாயிற்று, அப்படித்தான் கற்றேன். எங்கள் கவுன்சிலருக்கு அந்த வாய்ப்பையே இந்த அமைப்பு தரவில்லை. மக்கள் முன்னால் அவர் ஒருமுறைகூட நிற்க வேண்டியிருக்கவில்லை. மாமன்றத்தில் கை தூக்கினால் போதும். மீதியை வீட்டில் வேறொருவர் பார்த்துக்கொள்கிறார்.

இப்போது எனக்கு இன்னொரு பயம். முந்தைய மாமன்றங்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த நகர்ப்புறத் தேர்தல் 2022 பிப்ரவரி 19 அன்றுதான் நடந்தது. ஐந்தாண்டுகளுக்கு மேல், அதாவது ஒரு மாமன்றத்தின் முழு ஆயுள்காலம், தேர்ந்தெடுக்கப்பட்டவர் ஒருவரும் இல்லாமல் தனி அலுவலர்களே நகரங்களை நடத்தினார்கள். கொரோனா வந்தபோது எங்கள் வார்டுக்குக் கவுன்சிலர் இல்லை. எந்தத் தெருவில் முடங்கிக் கிடக்கும் முதியவர் இருக்கிறார், எந்த வீட்டில் அரிசி இல்லை என்று அறிந்த ஆள் நிர்வாகத்தில் இல்லை. தெருப் பெண்கள் நாங்களே பட்டியல் எழுதினோம். ஐந்தாண்டு முடிவதற்குள் தேர்தல் நடத்தியாக வேண்டும் என்று அரசியல் சட்டம் சொல்கிறது. 2006இல் அகமதாபாத் மாநகராட்சி தொடர்பான கிஷன் சிங் தோமர் வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதையே வலியுறுத்தியது. அதற்குப் பிறகும் நம் மாநிலத்தில் இது நடந்தது. பெங்களூருவில் 2020 செப்டம்பரிலும் மும்பையில் 2022 மார்ச்சிலும் மாமன்றங்களின் காலம் முடிந்து, ஆண்டுக்கணக்கில் அதிகாரிகளே ஆண்டார்கள். எல்லை மறுவரையறை, இடஒதுக்கீட்டுக் கணக்கு, வழக்கு என்று ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது. இப்போதைய மாமன்றங்களின் ஐந்தாண்டு 2027 மார்ச்சோடு முடிகிறது.

இதற்கிடையில் மாநகராட்சிகளை விரிவாக்கிப் பக்கத்துக் கிராம ஊராட்சிகளை இணைக்கும் அறிவிப்பு 2025 ஜனவரியில் வந்தது. பல ஊர்கள் கிராம சபையில் எதிர்த்துத் தீர்மானம் போட்டன. நூறு நாள் வேலை போய்விடும், வரி ஏறும் என்று அவர்கள் பயந்தார்கள். எங்களுக்கு இரண்டும் நடந்தன. ஆனால் எங்கள் அனுபவத்தில் பெரிய இழப்பு வேறு. இணைப்புக்கு எதிராகத் தீர்மானம் போட அந்த ஊர்களுக்குக் கிராம சபை இருந்தது. இணைந்த மறுநாள் அது இருக்காது.

ஆகவே உங்களிடம் நான் கேட்பவை இவை.

எங்கள் களத்தைப் பற்றிய தீர்மானத்தை நிறுத்தி வைக்க ஆணையருக்கு அறிவுறுத்துங்கள். பகுதி சபையைக் கூட்டி, களம், குவாரி என இரண்டு இடங்களையும் எங்கள் முன்வைத்து, தூய்மைப் பணியாளர்களையும் அங்கன்வாடிப் பணியாளரையும் பேச அழைத்து, அதன் பிறகு மாமன்றம் முடிவெடுக்கட்டும். எந்த மாநகராட்சி, எந்தச் சர்வே எண் என்ற விவரங்களைத் தனியே பதிவுத் தபாலில் துறைச் செயலாளருக்கு அனுப்பியிருக்கிறேன்.

மாநிலமெங்கும் பகுதி சபை கூட வேண்டிய நாள்களைக் கிராம சபைக்குச் செய்வதுபோல முன்கூட்டியே அறிவித்து, கூட்டாத வார்டுகளின் பட்டியலைத் துறையே வெளியிட வேண்டும். கூட்டம் நடப்பதற்கு ஒரு வாரம் முன்பே ரேஷன் கடை, அங்கன்வாடி, வார்டு அலுவலகம் ஆகிய இடங்களில் அறிவிப்பு ஒட்டப்பட வேண்டும். அந்த வார்டில் பள்ளம் தோண்டும், கம்பம் நடும், குழாய் பதிக்கும் எல்லா அமைப்புகளின் அலுவலர்களும் அதில் உட்கார வேண்டும். கவுன்சிலர் நேரில் இருக்க வேண்டும். அவர் சார்பில் வேறு எவரும் பேசக் கூடாது. தீர்மானம் எழுதப்பட்டு, அங்கேயே வாசிக்கப்பட்டு, அடுத்த மாமன்றக் கூட்டத்தின் பொருள் நிரலில் சேர வேண்டும். மாமன்றம் அதை ஏற்காவிட்டால் காரணத்தை எழுதித் தரட்டும்.

சபைப் பிரதிநிதிகளை நியமிக்கும் முறையை மாற்றி அந்தப் பகுதி மக்களே தேர்ந்தெடுக்கும்படி விதியைத் திருத்துங்கள். திருத்தும்வரை, இப்போது இருப்பவர்களின் பெயர்களையாவது ஒவ்வொரு வார்டிலும் எழுதி வையுங்கள்.

மாமன்றத்தின் பொருள் நிரல், கூட்டத்துக்கு முன்பே, சர்வே எண்ணோடு தெருப் பெயரும் சேர்த்துத் தமிழில் வெளிவர வேண்டும். வார்டுவாரியாக வசூலான வரியும் செய்த செலவும் ஆண்டுக்கு ஒருமுறை பகுதி சபையில் வாசிக்கப்பட வேண்டும்.

இனி எந்த ஊராட்சியை இணைப்பதாக இருந்தாலும், அதன் கடைசிக் கிராம சபைக்கும் புதிய வார்டின் முதல் பகுதி சபைக்கும் இடையில் மூன்று மாதத்துக்கு மேல் இடைவெளி விடக் கூடாது. அதை இணைப்பு ஆணையிலேயே எழுதுங்கள்.

அடுத்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலை 2027 மார்ச்சுக்கு முன்பே நடத்தி முடிக்க உங்கள் துறையின் பங்குக்குரிய வார்டு வரையறை, இடஒதுக்கீட்டுப் பணிகளைக் காலத்தோடு முடித்து மாநிலத் தேர்தல் ஆணையத்திடம் கொடுங்கள். தனி அலுவலர் நியமனத்துக்கான கோப்பு உங்கள் மேசைக்கு வந்தால் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்புங்கள்.

இந்த மடலுக்கு உங்கள் பதிலை எனக்குத் தனியே அனுப்ப வேண்டாம். எங்கள் வார்டின் பகுதி சபையைக் கூட்டி அங்கே வாசிக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் கிராம ஊராட்சி வார்டு உறுப்பினர் ஒருவர்